பிரான்ஸ் ஃபெயில், நெதர்லாந்து பாஸா? எரிசக்தி இலக்குகளை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020-ஆம் ஆண்டுக்கான புதுப்பிக்கத்தக்க எரிசக்தி இலக்கை ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளில் ஒரே ஒரு நாடுதான் தவறவிட்டது: பிரான்ஸ். 23 சதவீதம் தொட வேண்டியது, 19.1-இல் நின்றுவிட்டது. நெதர்லாந்துக்கு 14 இலக்கு, 14 காட்டியது. இந்த இரண்டு வரிகளை மட்டும் பார்த்துவிட்டு ‘நெதர்லாந்தின் கொள்கை பிரான்ஸின் கொள்கையைவிட நன்றாக வேலை செய்தது’ என்று எழுதிவிடலாம். நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஆனால் நெதர்லாந்தின் சொந்தப் பங்கு 12 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. குறைந்ததை டென்மார்க்கிடம் காசு கொடுத்து வாங்கியது. வாங்கியது மின்சாரத்தை அல்ல, கணக்கை. டென்மார்க் தன் இலக்கைத் தாண்டியதால் கையில் மிச்சம் இருந்த அளவைப் ‘புள்ளிவிவர மாற்றம்’ என்ற பெயரில் நெதர்லாந்தின் கணக்கில் ஏற்றினார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. 2009-ஆம் ஆண்டின் ஐரோப்பிய உத்தரவே இதற்கு இடம் கொடுத்தது. ஆனால் கொள்கையை அளக்க உட்கார்ந்தவர் அந்த 14-ஐ அப்படியே எடுத்துக்கொண்டால், அவர் அளப்பது காசோலையை.

தில்லியில் எரிசக்தி ஆய்வறிக்கைகளைத் திருத்துவது என் வேலை. தமிழ்நாட்டிலிருந்து இங்கே வரும் பிள்ளைகள் பலர், பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களும் லோதி ரோடு பக்கம் ஆய்வு நிறுவனங்களில் இன்டர்னாக இருப்பவர்களும் சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் பழைய ராஜேந்தர் நகரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களும், “அக்கா, ஒரு தடவை பாத்துருங்க” என்று கட்டுரைகளை அனுப்புவார்கள். ஒரு நாட்டின் எரிசக்திக் கொள்கையை அது சேர்ந்திருக்கும் பிராந்தியத்தின் பொது இலக்கோடு ஒப்பிடும் கட்டுரைகள் இப்போது அதிகம். அவற்றில் வரும் தவறுகள் கணக்குத் தெரியாததால் வருவதில்லை. சதவீதத்தைப் பார்த்ததும் மார்க் போட்டுவிடுகிற அவசரத்தால் வருகின்றன.

எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் இல்லை

ஐரோப்பாவின் 2020 பொது இலக்கு 20 சதவீதம். அதை நாடுகளுக்குப் பிரித்தபோது ஸ்வீடனுக்கு 49, மால்டாவுக்கு 10. 2005-இல் ஒவ்வொரு நாடும் எங்கே இருந்தது என்று பார்த்து, எல்லாருக்கும் பொதுவாக 5.5 புள்ளிகள் கூட்டி, மிச்சத்தை நாட்டின் வசதியைப் பொறுத்துப் பங்கு வைத்தார்கள். ஆக ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு வினாத்தாள். மதிப்பெண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரேங்க் போட்டால் அது ரேங்க் ஆகாது.

ஸ்வீடன் 2020-இல் 60 சதவீதத்தில் இருந்தது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் 2005-லேயே அது 39.8. வடக்கே ஆறுகளில் அணைகள், நாடெங்கும் காடு, மரக்கழிவை எரித்து நகரத்தையே சூடாக்கும் ஏற்பாடு. அந்தத் தொடக்க எண்ணைச் சொல்லாமல் 60-ஐ மட்டும் சொன்னால் கொள்கையைப் பற்றி அல்ல, புவியியலைப் பற்றிப் பேசுகிறோம். இப்போது நடந்த தூரத்தைப் பாருங்கள். உத்தரவின் இணைப்பில் உள்ள 2005 எண்ணின்படி பிரான்ஸ் 10.3-இல் தொடங்கி 19.1-க்கு வந்தது: 8.8 புள்ளிகள். நெதர்லாந்து 2.4-இல் தொடங்கி, வாங்கிய கணக்கை நீக்கினால், 12-க்குக் கீழே நின்றது: ஒன்பது புள்ளிகள் சுமார். ஃபெயில் ஆனவரும் பாஸ் ஆனவரும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் நடந்திருக்கிறார்கள். ஒருவரிடம் வாங்கும் சம்மதமும் விற்க ஆளும் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அப்படியானால் நிலையைப் பார்ப்பதா, இலக்குக்கான இடைவெளியைப் பார்ப்பதா, நடந்த தூரத்தைப் பார்ப்பதா? மூன்றையும் காட்டுங்கள். ஒன்றை மட்டும் காட்ட இடம் இருந்தால் நடந்த தூரத்தைக் காட்டுங்கள் என்பேன். கொள்கை என்ற ஒன்று எதையாவது செய்திருந்தால் அது அங்கேதான் தெரியும்.

2030-க்கு வந்தால் விதியே மாறிவிடுகிறது. ஐரோப்பாவின் பொது இலக்கு 42.5 சதவீதம்; ஆனால் இந்த முறை நாடுகளுக்குத் தனித்தனியாகக் கட்டாய இலக்கு கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் தேசியத் திட்டத்தில் ‘இவ்வளவு தருகிறேன்’ என்று தானே எழுதிக்கொடுக்கிறது. 2025 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது சுமார் 41 சதவீதம்தான் வந்தது. அதாவது எல்லா நாடுகளும் சொன்னதைச் சொன்னபடி செய்தாலும் பொது இலக்குக்கு எட்டாது. இது செயலில் உள்ள குறை அல்ல, வாக்குறுதியிலேயே உள்ள குறை. இரண்டையும் ஒரே பத்தியில் குழப்பி ‘நாடுகள் பின்தங்குகின்றன’ என்று எழுதுவது இப்போது அடிக்கடி கண்ணில் படுகிற தவறு.

தென்கிழக்கு ஆசியா இன்னும் தளர்வானது. மொத்த முதன்மை எரிசக்தியில், அதாவது மின்சாரமாகவோ பெட்ரோலாகவோ மாற்றுவதற்கு முந்தைய மூல எரிசக்தியில், 23 சதவீதம் 2025-க்குள் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று ஆசியான் சொன்னது எல்லா உறுப்பு நாடுகளுக்கும் சேர்த்து. யாருக்கு எவ்வளவு என்ற பங்கீடு இல்லை, தவறினால் தண்டனையும் இல்லை. ‘சிங்கப்பூர் ஆசியான் இலக்கைத் தவறவிட்டது’ என்ற வாக்கியத்துக்கு அதனால் பொருளே இல்லை. பேனல் விரிக்கக்கூட நிலமில்லாத தீவையும் மேகோங் நதியிலும் அதன் துணையாறுகளிலும் அணை மேல் அணை கட்டியிருக்கும் லாவோஸையும் ஒரே கோட்டில் நிறுத்த அந்த 23 எழுதப்படவில்லை.

எதில் சதவீதம்?

எனக்கு வரும் கட்டுரைகளில் ஓர் அட்டவணை திரும்பத் திரும்ப வரும். இந்தியா 50, ஐரோப்பா 42.5, ஆசியான் 23. கீழே ஒரு வரி: ‘இந்தியாவின் இலக்கே மிக உயர்ந்தது.’ படிக்கப் பெருமையாக இருக்கும். ஆனால் மூன்றுக்கும் பகுதி, அதாவது பின்னத்தின் கீழே வரும் எண், வேறு. இந்தியாவின் 50 மின் நிறுவுதிறனில், அதாவது நிலையங்களால் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பதில். அதிலும் அது ‘புதைபடிவமற்ற’ திறன், அணுமின்சாரமும் உள்ளே வரும். ஐரோப்பாவின் 42.5 மொத்த இறுதி நுகர்வில். லாரி குடிக்கும் டீசலும் வீட்டைச் சூடாக்கும் எரிவாயுவும் அதில் அடங்கும். ஆசியானின் 23 முதன்மை எரிசக்தியில். மேலே வரும் எண்ணான தொகுதி கிடக்கட்டும், பகுதியே மூன்று விதம்.

இதில் நிறுவுதிறன்தான் அதிகம் ஏமாற்றும். 2030-க்கு வைத்த 50 சதவீத நிறுவுதிறனை இந்தியா 2025-லேயே எட்டிவிட்டது. உண்மையான சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அதே காலத்தில் நாம் பயன்படுத்திய மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு 70 சதவீதத்துக்கு மேல். எப்படி? கணக்கு எளிது. ஒரு மெகாவாட் சூரிய மின் நிலையம் 20 சதவீதப் பயன்பாட்டில் ஓடினால் வருஷத்துக்கு சுமார் 17.5 லட்சம் யூனிட். ஒரு மெகாவாட் அனல்மின் நிலையம் 65 சதவீதத்தில் ஓடினால் சுமார் 57 லட்சம் யூனிட். திறன் பட்டியலில் இரண்டும் ஒன்றே. மீட்டரில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆகவே நிறுவுதிறன் இலக்கை வைத்து ‘முதலீடு வந்ததா’ என்று கேட்கலாம். ‘நிலக்கரி குறைந்ததா’ என்று கேட்க முடியாது.

தொகுதியிலும் சிக்கல் உண்டு. 2022-க்குள் 175 கிகாவாட் என்ற இந்திய இலக்கு நினைவிருக்கும். 2022 முடிவில் கையில் இருந்தது சுமார் 121. பெரிய நீர்மின் நிலையங்களைச் சேர்த்தால் இன்னும் 47 சேர்ந்து 168. 2019 மார்ச்சில் 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களையும் புதுப்பிக்கத்தக்கவை என்று அரசு ஏற்றுக்கொண்டதால் இரண்டு எண்ணுமே அரசின் எண்தான். எதை எடுப்பது? 175 எப்படி உருவானது என்று பாருங்கள்: சூரியம் 100, காற்று 60, உயிரி 10, சிறு நீர்மின் 5. பெரிய அணை எதுவும் அதில் இல்லை. எனவே அந்த இலக்கை அளக்க 121-தான் சரி. இலக்கு எழுதிய நாளில் இருந்த வரையறையை விட்டுவிட்டு, அளக்கும் நாளில் உள்ள வரையறையைப் பயன்படுத்தக் கூடாது. இதில் எந்தக் கட்சி ஆட்சி என்பதெல்லாம் வேண்டாத பேச்சு. உலகம் முழுக்க எல்லா அரசுகளும் செய்வதுதான்.

விறகும் அப்படித்தான். சர்வதேசத் தரவுகள் பலவற்றில் அடுப்பில் எரியும் விறகும் சாணமும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியாகவே வரும். அதைச் சேர்த்துவிட்டால் ஏழை நாடுகள் பட்டியலின் மேலே போய் உட்காரும். இன்னும் மோசம், நல்ல கொள்கை கெட்டதாகத் தெரியும். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் போல வீட்டுக்கு வீடு சிலிண்டர் கொடுத்தால் புகை குறையும், பெண்களின் நுரையீரல் பிழைக்கும். ஆனால் அந்த நாட்டின் புதுப்பிக்கத்தக்க பங்கு இறங்கும். அட்டவணையை மட்டும் பார்த்தவர் ‘கொள்கை தோல்வி’ என்பார்.

முதன்மை எரிசக்தி என்கிற வில்லங்கம்

இந்த ஒன்றைப் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வதே இல்லை, ஆனால் ஆசியான் பற்றி எழுதுகிறவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மின்சாரத்தை முதன்மை எரிசக்தியாக மாற்ற சர்வதேச எரிசக்தி முகமை ஒரு மரபு வைத்திருக்கிறது. நீர், காற்று, சூரியம் என்றால் ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் முதன்மை எரிசக்தி. அணுமின்சாரம் என்றால் 33 சதவீதத் திறன் என்று வைத்து ஒன்றை மூன்றாகக் கணக்கிடுவார்கள். புவிவெப்ப மின்சாரத்துக்குத் தனித் தரவு இல்லாவிட்டால் 10 சதவீதம் என்று வைப்பார்கள். ஒரு யூனிட் பத்தாகிவிடும்.

புவிவெப்ப மின்சாரத்தில் அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக உலகிலேயே பெரிய நாடுகள் இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும். எரிமலை நாடுகள். இந்த மரபின்படி பார்த்தால் லாவோஸ் பத்து யூனிட் நீர்மின்சாரம் எடுத்தால் கிடைக்கிற மதிப்பு பிலிப்பைன்ஸுக்கு ஒரே ஒரு யூனிட்டில் கிடைத்துவிடும். வீட்டில் எரியும் பல்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆகவே முதன்மை எரிசக்தியில் சதவீதம் பார்க்கும்போது, எந்த மாற்று விகிதம் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். முடிந்தால் மின் உற்பத்தியின் பங்கையும் பக்கத்தில் கொடுங்கள்.

இதே காரணத்தால் சிக்கன இலக்கும் குழம்பும். ஜெர்மனி 2023 ஏப்ரல் 15 அன்று தன் கடைசி மூன்று அணு உலைகளை மூடியது. ஓர் உலை தந்த மின்சாரத்தை அப்படியே காற்றாலை தந்தால், ஒரு விளக்கைக்கூட யாரும் அணைக்காமலே அந்த மின்சாரத்துக்கான முதன்மை எரிசக்தி மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். காகிதத்தில் அது ‘சிக்கனம்’. சிக்கனத்தை அளக்க வேண்டுமென்றால் இறுதி நுகர்வைப் பாருங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, இங்கே முதுகலை படிக்கிறாள், தன் கட்டுரையில் ‘தில்லி நிலக்கரியைக் கைவிட்டுவிட்டது’ என்று எழுதியிருந்தாள். பதர்பூர் அனல்மின் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. ராஜ்காட் அதற்கு முன்பே. “இப்ப இருக்கிற பவானா, பிரகதி எல்லாம் கேஸ்தானே அக்கா, தப்பென்ன?” என்றாள். தில்லியின் மின் சுமைப் பகிர்வு மையத்தின் தளத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். உள்ளூர் உற்பத்தி எவ்வளவு, வெளியிலிருந்து இழுப்பது எவ்வளவு என்று அந்தந்த நேரத்துக்கு அதில் ஓடிக்கொண்டே இருக்கும். 2024 ஜூன் 19 அன்று தில்லியின் உச்சத் தேவை 8,656 மெகாவாட். உள்ளூர் நிலையங்கள் எல்லாம் முழு மூச்சில் ஓடினாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு வராது. மிச்சம் தாத்ரி, ஜஜ்ஜர் என்று எல்லைக்கு அப்பாலிருந்தும் இன்னும் தொலைவிலிருந்தும் வருகிறது, அதில் பெரும்பகுதி நிலக்கரி. புகைபோக்கி உத்தரப் பிரதேசம், ஹரியானாவின் கணக்கில், ஏசி நம் கணக்கில். அவள் வாக்கியத்தை மாற்றவில்லை, ‘தன் எல்லைக்குள்’ என்று இரண்டு சொல் சேர்த்தாள். அது போதும், சரியாகிவிட்டது.

நாடுகளுக்கும் இதே கதை. லாவோஸின் அணைகள் தாய்லாந்துக்காக ஓடுகின்றன. லக்சம்பர்க்கில் டீசல் விலை குறைவு என்று அக்கம்பக்கத்து லாரிகள் அங்கே போய் டாங்க் நிரப்ப, அந்தக் குட்டி நாட்டின் தலைக்கு எரிபொருள் நுகர்வு எங்கோ ஏறி நிற்கிறது. உற்பத்தி அடிப்படையா, நுகர்வு அடிப்படையா என்று சொல்லாத ஒப்பீட்டைப் படிக்கவே வேண்டாம்.

கொள்கையா, அதிர்ஷ்டமா?

ஜெர்மனி 1990-ஐ அடிப்படையாக வைத்து 2020-க்குள் பசுங்குடில் வாயுக்களை 40 சதவீதம் குறைப்பதாகச் சொன்னது, குறைத்தது. அதில் ஒரு பங்கு கிழக்கு ஜெர்மனியின் பழைய தொழிற்சாலைகள் தொண்ணூறுகளில் இழுத்து மூடப்பட்டதால் வந்தது. இன்னொரு பங்கு கொரோனாவால். கொள்கையின் பங்கும் உண்டு, ஆனால் மூன்றையும் பிரிக்காமல் பாராட்டினால் கிருமிக்கும் சேர்த்துப் பாராட்டியதாகும். 2020-இல் ஐரோப்பா முழுவதுமாக எட்டிய 22.1 சதவீதப் புதுப்பிக்கத்தக்க பங்கும் அப்படித்தான்: 2020-இல் ஊரடங்கால் மொத்த நுகர்வு சுருங்கியது, பங்கு ஏறியது. அடுத்த வருஷம் 22-க்குக் கீழே இறங்கிவிட்டது. சிக்கன இலக்கு இன்னும் விசித்திரம். 20 சதவீதம் குறைப்பு என்றது, 2007-இல் போட்ட ‘2020-இல் இவ்வளவு தேவைப்படும்’ என்ற கணிப்பிலிருந்து. அடுத்த வருஷமே உலகப் பொருளாதாரம் சரிந்தது. கணிப்பை வெல்ல வேறு எதுவும் செய்யாமலே பாதி வேலை முடிந்துவிட்டது என்று சொன்னாலும் பெரிய மிகை இல்லை.

அடிப்படை ஆண்டையும் நல்ல ஆண்டையும் பிடித்து ஆடாமல் இருக்க ஐரோப்பியக் கணக்கில் ஒரு நல்ல விதி உண்டு. நீர்மின்சாரத்தை 15 ஆண்டுச் சராசரியாலும் காற்றை சுமார் 5 ஆண்டுச் சராசரியாலும் சமன் செய்துதான் இலக்கோடு ஒப்பிடுவார்கள். மழை நன்றாகப் பெய்த வருஷத்துக்கு அமைச்சர் மாலை போட்டுக்கொள்ள முடியாது. நம் ஊர்த் தரவில் அந்தச் சமன் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். முப்பந்தலில் ஆடிக் காற்றில் சுழலும் காற்றாலையை வைத்து ஜூலை மாதத் தமிழ்நாட்டை ஜனவரி மாத ராஜஸ்தானோடு ஒப்பிட்டால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்.

கொள்கையின் வேலை தெளிவாகத் தெரிய வேண்டுமா? அதன் கெடு தேதிகளைப் பாருங்கள். வியட்நாமில் 2018-இல் சூரிய மின்சாரம் பேருக்குத்தான் இருந்தது. அரசு நல்ல கொள்முதல் விலை அறிவித்து, கூரை பேனல்களுக்கு 2020 டிசம்பர் 31 கடைசி நாள் என்றது. அந்த வருஷ முடிவில் சுமார் 16.5 கிகாவாட். கடைசி நாளுக்கு முன் செங்குத்தாக ஏறி, மறுநாள் படுத்துவிடும் கோடு. இது மழையும் அல்ல, மந்தநிலையும் அல்ல, கொள்கையேதான். ஆனால் அப்புறம் நடந்ததையும் எழுத வேண்டும்: கம்பிகளில் ஏற்ற இடமில்லாமல் விளைந்த மின்சாரத்தை வெட்டிவிட வேண்டியதாயிற்று. அந்த 23 தவிர ஆசியானுக்கு நிறுவுதிறனிலும் ஓர் இலக்கு உண்டு; அதில் இது வெற்றியாகவே பதிவாகும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. இந்திய அறிக்கைகளில் ‘மில்லியன் யூனிட்’ என்பது கிகாவாட் மணி. ஒரு மில்லியன் டன் எண்ணெய்ச் சமானம் என்றால் 11,630 மில்லியன் யூனிட். நம் கணக்கு வருஷம் ஏப்ரலில் தொடங்கும், ஐரோப்பாவுக்கு ஜனவரி, நேபாளத்துக்கு ஜூலை நடுவில். தரவை இறக்கிய தேதியைக் குறித்துவையுங்கள். பழைய வருஷ எண்களைப் புள்ளிவிவரத் துறைகள் சத்தமில்லாமல் திருத்தும்.

கூட்டுக் குறியீடுகளைக் கண்டால் முதலில் எடையைப் பாருங்கள். நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட மாநில எரிசக்தி, பருவநிலைக் குறியீட்டில் பெரிய மாநிலங்களில் குஜராத், கேரளம், பஞ்சாப் முதல் மூன்று இடங்கள். ‘பசுமையில் முதலிடம்’ என்று தலைப்பு போட்டார்கள். ஆனால் குறியீட்டில் 40 சதவீத எடை மின்பகிர்மான நிறுவனங்களின் நடப்புக்குத்தான். தூய எரிசக்திக்கு 15. கடன் குறைவாக வைத்திருக்கிற, பில் ஒழுங்காக வசூலிக்கிற நிறுவனத்துக்கும் சூரிய பேனலுக்கும் சம்பந்தம் உண்டுதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

கடைசியாக, இங்கே எல்லாரும் கேட்கிற ஒன்று: ‘தெற்காசியாவுக்கும் இதே மாதிரி அட்டவணை போடலாமா?’ 2014-இல் காத்மாண்டுவில் சார்க் நாடுகள் மின்சார ஒத்துழைப்புக்கு ஓர் ஒப்பந்தம் போட்டன. 2024 நவம்பரில் நேபாளத்தின் 40 மெகாவாட் இந்தியா வழியாக வங்கதேசம் போனது. இவை வணிகத்துக்கான ஏற்பாடுகள். எந்த ஆண்டுக்குள் எத்தனை சதவீதம் என்று எல்லாரும் கையெழுத்திட்ட எண் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. ஆகவே ‘பிராந்திய இலக்கு’ என்ற நெடுவரிசையைக் காலியாகவே விடுங்கள். ஐரோப்பாவின் 42.5-ஐக் கடன் வாங்கி அங்கே நிரப்பாதீர்கள்.